பழைய முறை ஃபேன்டசி ஆட்டங்களில் சண்டையும் பாத்திர வலிமையும்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

மேசையைச் சுற்றி அமர்ந்து ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரமாக ஆடும் ஃபேன்டசி ரோல்பிளே ஆட்டங்களின் முதல் தலைமுறை விதிகளை எடுத்து ஆடத் தொடங்குபவர்கள், மூன்று நான்கு அமர்வுகளுக்குள் ஏறத்தாழ ஒரே குறைகளைத்தான் சொல்கிறார்கள். பாத்திரங்கள் உடனுக்குடன் இறந்துபோகின்றன, சண்டை இழுத்துக்கொண்டே போகிறது, மந்திரவாதிக்கு வேலையே இல்லை, ஒருவருடைய பாத்திரம் மட்டும் யாராலும் அசைக்க முடியாமல் நிற்கிறது. இப்படி ஒரு குறை எழுந்தவுடன் ஆட்ட நடத்துநர் புதிதாக ஒரு விதியை எழுதிச் சேர்ப்பது வழக்கமாகிவிட்டது. அதற்கு முன்னால், புத்தகத்தில் ஏற்கெனவே உள்ள எந்த விதியை நாம் ஆடாமல் விட்டிருக்கிறோம் என்று தேட வேண்டும். இந்த ஆட்டங்களில் ஒரு பாத்திரத்தின் வலிமை, எவ்வளவு அடி தாங்கும் என்பதைக் காட்டும் எண்ணான ஹிட் பாயிண்டில் மட்டும் இல்லை. சந்திப்பு தொடங்கும் தூரம், எதிரியின் மனநிலை, கவசம், கூட வரும் ஆட்களின் எண்ணிக்கை, ஓடித் தப்பும் வேகம் ஆகியவற்றில் அது பங்கு பிரிந்து கிடக்கிறது. அவற்றில் ஒன்றை நீக்கினால் அதன் சுமை முழுவதும் ஹிட் பாயிண்டின் தலையில் வந்து இறங்கும். முதல் லெவல் பாத்திரத்தின் ஹிட் பாயிண்டு அதைத் தாங்காது.

முதலில் சரிபார்க்க வேண்டியது: எந்தப் பதிப்பை ஆடுகிறீர்கள்?

1974-ஆம் ஆண்டு கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கி வெளிவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மூன்று சிறு நூல்களில், எந்த ஆயுதத்தால் அடித்தாலும் சேதத்துக்கு ஒரே 6 முகப் பகடைதான். ஹிட் பாயிண்டுக்கும் அதே பகடைதான். 1975-இல் வந்த கிரேஹாக் இணைப்பு நூல்தான் ஆயுதத்துக்கு ஏற்ற சேதத்தையும் வகுப்புக்கு ஏற்ற ஹிட் பாயிண்டுப் பகடையையும் கொண்டுவந்தது. 1981-ஆம் ஆண்டின் தொடக்கநிலைத் தொகுப்பு இவற்றைச் சீர்ப்படுத்தி எளிமையாக்கியது. பல மேசைகளில் நான் காண்பது, ஒரு பதிப்பின் ஆயுதச் சேதமும் இன்னொரு பதிப்பின் ஹிட் பாயிண்டும் பிற்காலப் பதிப்பொன்றின் வலிமைக் கூடுதல்களும் கலந்த கலவை. சேதம் மட்டும் உயர்ந்து ஹிட் பாயிண்டு பழைய அளவிலேயே நின்றால் எந்தத் திருத்தமும் பலன் தராது. ஆகவே ஒரே பதிப்பை எடுத்துக்கொண்டு, குறைந்தது நான்கு அமர்வுகள் மாற்றமின்றி ஆடிப் பாருங்கள். கீழே உள்ள எண்கள் 1981 தொகுப்பையும், நான்காம் லெவல் முதல் அதே ஆண்டில் அதன் தொடர்ச்சியாக வந்த எக்ஸ்பர்ட் தொகுப்பையும் சார்ந்தவை. அவற்றில் கவசக் காப்பைக் காட்டும் எண்ணான ஆர்மர் கிளாஸ் குறையக் குறையக் காப்பு கூடும் என்பதை நினைவில் கொள்ளவும்.

அறிகுறி: முதல் லெவல் பாத்திரங்கள் ஒவ்வோர் அமர்விலும் இறக்கின்றன

போர்வீரருக்கு ஹிட் பாயிண்டு 8 முகப் பகடையில் ஓர் உருட்டல், சராசரி 4.5. எதிரியின் ஆயுதம் 6 முகப் பகடையில் சேதம் செய்தால், ஓர் அடி பட்டவுடன் அந்தப் போர்வீரர் விழுவதற்கான வாய்ப்பு 48-க்கு 21, அதாவது ஏறத்தாழ 44 விழுக்காடு. மந்திரவாதிக்கோ 4 முகப் பகடை. இந்தக் கணக்கைப் பார்த்த எவருக்கும் ஹிட் பாயிண்டை ஏற்ற வேண்டும் என்றுதான் தோன்றும். நான் முதன்முதலில் நடத்திய ஆட்டத்தொடரில் மூன்று அமர்வுகளுக்குள் ஏழு பாத்திரங்கள் இறந்தபோது எனக்கும் அப்படித்தான் தோன்றியது. எல்லோருடைய ஹிட் பாயிண்டையும் இரட்டிப்பாக்கினேன். நியாயமாக இருக்கட்டும் என்று எதிரிகளுக்கும் அப்படியே செய்தேன். சாவு சற்றுக் குறைந்தது. ஆனால் ஒவ்வொரு சண்டையும் இரு மடங்கு நீண்டது, ஆட்டக்காரர்கள் தங்கள் முறை வரும்வரை பகடையை உருட்டி விளையாடிக்கொண்டிருந்தார்கள். பிழை வேறிடத்தில் இருந்ததைக் கண்டுகொள்ள எனக்கு வெகுகாலம் பிடித்தது.

அந்த இடம் எதிர்வினை உருட்டல். பாத்திரங்களும் எதிரிகளும் சந்திக்கும்போது, எதிரிகளின் நடத்தை முன்கூட்டியே தெளிவாக இல்லாவிட்டால், ஆட்ட நடத்துநர் இரண்டு 6 முகப் பகடைகளை உருட்ட வேண்டும். 2 வந்தால் மட்டுமே அவை உடனே பாயும். 3 முதல் 5 வரை பகைமை, தாக்கவும் கூடும். 6 முதல் 8 வரை தயக்கம். 9 முதல் 11 வரை தாக்குவதில்லை. 12 வந்தால் நட்பு. உடனடித் தாக்குதலுக்கு 36-இல் ஒரு வாய்ப்பு, பகைமைக்கு 9, தயக்கத்துக்கு 16 என்று கணக்கிட்டால், சந்திப்புகளில் முக்கால் பங்குக்கும் சற்றுக் குறைவானவை பேச்சுக்கும் பேரத்துக்கும் மெல்லப் பின்வாங்குவதற்கும் இடம் கொடுப்பவை. இந்த உருட்டலை விட்டுவிட்டு, கதவைத் திறந்ததும் வாளை உருவினேன் என்று ஆடினால், விதி எதிர்பார்த்ததைவிடப் பன்மடங்கு சண்டைகளை அந்த 4.5 ஹிட் பாயிண்டைக் கொண்டு சமாளிக்கச் சொல்கிறோம். எதிர்வினை உருட்டலை மீண்டும் கொண்டுவந்த முதல் அமர்விலேயே என் மேசையில் மாற்றம் தெரிந்தது: ஆர்க் எனும் அரக்கர் கூட்டம் ஒன்றுக்கு 7 விழுந்தது, அவை ஈட்டியை நீட்டியபடி நின்றன, ஆட்டக்காரர் ஒருவர் தன் பாத்திரத்தின் பையிலிருந்த உலர் உணவை எடுத்துத் தரையில் வைத்தார், வழி கிடைத்தது.

அடுத்துப் பார்க்க வேண்டியது கவசம். தொடக்கப் பணம் மூன்று 6 முகப் பகடைகளின் கூட்டுத்தொகையின் பத்து மடங்கு. சராசரியாக 105 பொற்காசுகள். தகட்டுக் கவசம் 60, கேடயம் 10. ஆர்மர் கிளாஸ் 9-இல் இருக்கும் கவசமில்லாத ஆளை அடிக்க முதல்நிலை எதிரிக்கு 20 முகப் பகடையில் 10 போதும்; தகட்டுக் கவசமும் கேடயமும் சேர்ந்து ஆர்மர் கிளாஸ் 2 ஆனால் அதற்கு 17 வேண்டும். அடிபடும் வாய்ப்பு 55 விழுக்காட்டிலிருந்து 20-க்கு இறங்குகிறது. மேலே சொன்ன சராசரிப் போர்வீரர் ஒரு தாக்குதலில் சாகும் வாய்ப்பு 24 விழுக்காட்டிலிருந்து 9-க்கு வந்துவிடுகிறது. போர்வீரரின் தாக்கும் திறன் நான்காம் லெவலில்தான் முதன்முறையாக உயர்கிறது என்பதோடு ஒப்பிட்டால், தொடக்க நாளில் 70 பொற்காசுக்கு வாங்கும் இந்தக் காப்பே அவருடைய முதல் பெரிய முன்னேற்றம். இதைப் புதிய ஆட்டக்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவர்களாகக் கண்டுபிடிக்கட்டும் என்று விடுவதில் பயன் இல்லை.

மூன்றாவது, கூலிக்கு வரும் துணையாட்கள். கவர்ச்சி மதிப்பு 9 முதல் 12 வரை உள்ள சாதாரணப் பாத்திரமே நான்கு துணையாட்களை வைத்துக்கொள்ளலாம். மூவர் மட்டும் நிலவறைக்குள் இறங்கி இறந்தால் அது விதியின் குற்றமாகாது. அந்த விதிகள் பெரிய குழுவை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை.

நான்காவது, ஓட்டம். ஓடவே முடிவதில்லை என்று ஆட்டக்காரர்கள் சொன்னால், சுமை விதியை ஆடுகிறீர்களா என்று பாருங்கள். கவசமில்லாதவர் ஒரு சுற்றில் 40 அடி, தோல் கவசத்தில் 30, உலோகக் கவசத்தில் 20. ஆர்க் 40 அடி நகரும். காப்ளின் எனும் குட்டி அரக்கன் 20 அடிதான். எனவே தகட்டுக் கவசக்காரர் ஆர்க்கிடமிருந்து ஓடித் தப்ப முடியாது, ஆனால் அவருக்கும் துரத்துபவருக்கும் இடையில் உணவையோ காசையோ எறியலாம்: அறிவற்ற விலங்கு உணவுக்காகவும் அறிவுள்ள எதிரி செல்வத்துக்காகவும் நின்றுவிடப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. இந்த விதியைத் தெரிந்த குழுக்கள் மிகச் சில.

அறிகுறி: சண்டை முடிவதே இல்லை

காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: மொரேல் எனப்படும் மனவுறுதிச் சோதனை ஆடப்படவில்லை. 1981 தொகுப்பில் அது விருப்பத்துக்கு விடப்பட்ட விதியாக அச்சிடப்பட்டிருந்ததால் பலர் தாண்டிப் போய்விட்டார்கள். என்னுடைய கருத்தில், அந்தத் தொகுப்பில் விருப்பமாக விடப்பட்டவற்றுள் கட்டாயமாக்கியிருக்க வேண்டியது இது ஒன்றுதான்.

ஒவ்வொரு எதிரிக்கும் 2 முதல் 12 வரை ஒரு மொரேல் எண் உண்டு. அந்தப் பக்கத்தில் முதல் ஆள் இறந்தவுடன் ஒரு முறையும், பாதிப் பேர் வீழ்ந்தவுடன் இன்னொரு முறையும் இரண்டு 6 முகப் பகடைகளை உருட்ட வேண்டும். கூட்டுத்தொகை மொரேலைவிட அதிகமானால் அவை ஓடும் அல்லது சரணடையும். இரண்டு சோதனைகளிலும் தாக்குப்பிடித்தால் கடைசிவரை நின்று போராடும்.

ஒரு சண்டையை அருகிலிருந்து பார்ப்போம். ஆறு காப்ளின்கள், நான்கு முதல் லெவல் பாத்திரங்கள். காப்ளினின் ஆர்மர் கிளாஸ் 6. அடிக்க 13 வேண்டும், வாய்ப்பு 40 விழுக்காடு. நால்வரும் தாக்கினால் சுற்றுக்கு ஏறத்தாழ ஒரு காப்ளின் விழும். மொரேல் இல்லாவிட்டால் ஆறும் விழ ஆறு சுற்றுகள். அத்தனை சுற்றிலும் எஞ்சியவை திருப்பித் தாக்கிக்கொண்டே இருக்கும். மொரேல் இருந்தால் நடப்பது வேறு. முதல் சுற்றில் வில்லாளியின் அம்பு ஒரு காப்ளினைச் சாய்க்கிறது, பகடைகள் 3, 3, கூட்டுத்தொகை 6, மொரேல் 7 என்பதால் அவை நிற்கின்றன. மூன்றாம் சுற்றில் மூன்றாவது காப்ளின் விழுகிறது, பாதி முடிந்தது, பகடைகள் 5, 4, கூட்டுத்தொகை 9, எஞ்சிய மூன்றும் விளக்கைக் கீழே போட்டுவிட்டு இருட்டுக்குள் ஓடுகின்றன. ஒரு சோதனையில் அவை உடையும் வாய்ப்பு 36-க்கு 15. இரண்டில் ஒன்றிலாவது உடையும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்றில் இரண்டு. அதாவது காப்ளின்களோடு நடக்கும் மூன்று சண்டைகளில் இரண்டு பாதியிலேயே முடிந்துவிட வேண்டியவை. அவை உங்கள் மேசையில் முடியவில்லையென்றால், விட்டுப்போன உருட்டல் இதுதான்.

ஓடிய மூன்று காப்ளின்கள் எங்கே போயின என்பதை ஆட்ட நடத்துநர் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும். அவை தலைவனிடம் போகும். தலைவன் உடனிருந்தால் காப்ளின்களின் மொரேல் 9 ஆகிவிடும். அடுத்த அறையில் நிலைமை மாறிவிடும். எலும்புக்கூடுகளுக்கும் நடைபிணங்களுக்கும் மொரேல் 12. அவை எப்போதும் ஓடாது. இந்த வேறுபாட்டை ஆட்டக்காரர்கள் உணரத் தொடங்கிய பிறகுதான், எலும்புகள் உரசும் ஓசை கேட்டாலே இறந்தபின் எழுந்தவற்றை விரட்டக்கூடிய மதகுருவான கிளெரிக்கை முன்னே அனுப்புவார்கள்.

இரண்டாவது காரணம் முறைவரிசை. ஆளுக்கொரு எண்ணாக உருட்டி வரிசைப்படுத்துவதை விட்டுவிட்டு, ஒரு பக்கத்துக்கு ஒரே 6 முகப் பகடை என்று ஒவ்வொரு சுற்றிலும் உருட்டுங்கள். வென்ற பக்கம் முதலில் நகரும், பிறகு எய்யும், பிறகு மந்திரம், கடைசியில் கைகலப்பு. யார் எப்போது என்று எழுதிவைக்கும் வேலை இல்லாததாலேயே சுற்று கணிசமாகச் சுருங்கும்.

அறிகுறி: மந்திரவாதி ஒரு மந்திரம் போட்டபின் சும்மா இருக்கிறார், அல்லது, அந்த ஒரே மந்திரம் எல்லாவற்றையும் முடித்துவிடுகிறது

இவ்விரண்டும் ஒரே நோயின் இரு முகங்கள். முதல் லெவலில் நாளுக்கு ஒரு மந்திரம். அது உறக்க மந்திரமானால் இரண்டு 8 முகப் பகடைகள் காட்டும் எண்ணிக்கையளவு, சராசரியாக 9 ஹிட் டைஸ் (எதிரியின் வலிமையை அளக்கும் பகடை எண்ணிக்கை) அளவுக்கு, எதிரிகளைச் சேவிங் த்ரோ எனும் தப்பிக்கும் உருட்டலே இல்லாமல் சாய்த்துவிடும். மேலே பார்த்த ஆறு காப்ளின்களும் அதில் அடங்கும். அதைக் குறைக்க வேண்டாம். அவர் நாள் முழுவதும் ஏந்திவந்த சுமைக்குக் கிடைக்கும் பலன் அது. எங்கே செலவழிப்பது என்பது அவருக்கு உண்மையான கேள்வியாக வேண்டுமானால், அந்த நாள் நீள வேண்டும். இரண்டு ஆட்டத் திருப்பங்களுக்கு, அதாவது 20 நிமிடங்களுக்கு ஒரு முறை, 6 முகப் பகடையில் 1 வந்தால் அலைந்து திரியும் எதிரி வரும் என்னும் சோதனையை விடாமல் செய்யுங்கள். தீப்பந்தம் ஆறு திருப்பங்களில் அணையட்டும். வந்த முதல் சண்டையில் மந்திரத்தைச் செலவழித்துவிட்டு ஓய்வெடுக்கத் திரும்பும் பழக்கம் தானாகவே மறையும். இறந்தபின் எழுந்தவற்றை உறக்க மந்திரம் தொடாது என்பதையும் மறக்க வேண்டாம்.

மந்திரம் தீர்ந்தபின் அவர் என்ன செய்வது? எண்ணெய்க் குப்பியை எறியலாம். தீப்பற்றிய எண்ணெய் இரண்டு சுற்றுகளுக்கு 8 முகப் பகடையளவு சேதம் செய்யும், அது வாளடிக்கு நிகர். 1977-ஆம் ஆண்டின் தொடக்கநிலைப் பதிப்பு, முதல் லெவல் மந்திரவாதியே 100 பொற்காசும் ஒரு வாரமும் செலவிட்டு முதல்நிலை மந்திரச்சுருள் ஒன்றை எழுதிக்கொள்ள இடம் கொடுத்தது. உங்கள் மேசையில் வெளியிலிருந்து ஒரு விதியைக் கட்டாயம் சேர்த்தே ஆக வேண்டுமானால் நான் பரிந்துரைப்பது இதைத்தான்.

ஐந்தாம் லெவலில் தீக்கோள மந்திரம் கிடைத்தபின் மந்திரவாதி மேலோங்குகிறார் என்ற புகாரும் வரும். அவர் 20,000 அனுபவப் புள்ளிகளைத் தாண்டி அங்கே வந்திருக்கிறார். போர்வீரருக்கு 16,000 போதும். மந்திரத்தை முறைவரிசை உருட்டுவதற்கு முன்பே அறிவிக்க வேண்டும், அதற்குள் அடிபட்டால் மந்திரம் வீணாகும் என்ற விதியை ஆடுகிறீர்களா என்று மட்டும் பாருங்கள். அதை ஆடினால், மந்திரவாதிக்கு முன்னால் கேடயத்தோடு நிற்பதே போர்வீரரின் மதிப்பாகிவிடும்.

அறிகுறி: ஒரு பாத்திரத்தை யாராலும் அடிக்க முடியவில்லை

தகட்டுக் கவசம், கேடயம், சுறுசுறுப்பு மதிப்பு 18. ஆர்மர் கிளாஸ் 2-இலிருந்து மூன்று படி இறங்கி மைனஸ் 1 ஆகிறது. காப்ளினுக்கு 20 விழுந்தால்தான் அடி. முதலில் அந்த 18 எப்படி வந்தது என்று பாருங்கள். மூன்று 6 முகப் பகடைகளை வரிசையாக உருட்டினால் ஒரு குறிப்பிட்ட பண்பில் 18 விழும் வாய்ப்பு 216-க்கு ஒன்று. 13 அல்லது அதற்கு மேல் விழுவதே ஏறத்தாழ நான்கில் ஒன்றுதான். நான்கு பகடை உருட்டிச் சிறந்த மூன்றை எடுத்து, விரும்பிய இடத்தில் வைத்துக்கொள்ளும் பழக்கம் உங்கள் மேசையில் இருந்தால், பிழையின் வேர் அங்கேயே இருக்கிறது.

நேர்மையாக உருட்டி வந்த 18 என்றால், அதை அவர் அனுபவிக்கட்டும். எதிரிகளின் தாக்கும் எண்ணை இரகசியமாக ஏற்றுவது மட்டும் கூடாது; அது அந்த ஆட்டக்காரர் உழைத்துச் சேர்த்ததைச் சொல்லாமல் பறிப்பதாகும். மேலும், அந்த எண்ணை ஏற்றினால் அவரை அடிப்பதற்குள் மற்ற மூவரும் இறந்துவிடுவார்கள். கவசம் தடுக்காதவை ஏற்கெனவே ஆட்டத்தில் உள்ளன: நச்சுப் புகை, வலை, வழுக்கும் சரிவு, ஆழமான நீர், மந்திரம். சுற்றுக்கு 20 அடி மட்டுமே நகர முடிந்த ஒருவரை அறிவுள்ள எதிரிகள் சுற்றிக்கொண்டு போய்ப் பின்னால் நிற்பவர்களைத் தாக்குவார்கள். அப்போது இடத்தைத் தேர்ந்தெடுத்து, குறுகலான வழியில் அவரை நிறுத்துவது குழுவின் வேலையாகிறது. அந்தப் பாத்திரத்தின் வலிமையும் மற்றவர்களுக்குத் தேவையான ஒன்றாக மாறுகிறது.

அறிகுறி: போர்வீரர் அடிப்பதைத் தவிர வேறெதுவும் செய்வதில்லை

விதிப்புத்தகத்தில் சிறப்புத் திறன்களின் பட்டியல் இல்லை என்பதால், அவரால் வேறொன்றும் இயலாது என்று ஆட்டக்காரர் எண்ணிவிடுகிறார். மேசையைக் கவிழ்க்கிறேன், தொங்கும் விளக்கின் கயிற்றை வெட்டுகிறேன் என்று அவர் சொல்லும்போது ஆட்ட நடத்துநர் தயங்கினால், மூன்றாவது முறை சொல்லவே மாட்டார். 1981 தொகுப்பிலேயே இதற்கு விடை உண்டு: 20 முகப் பகடையை உருட்டி, பொருத்தமான பண்பின் மதிப்புக்குச் சமமாகவோ குறைவாகவோ வந்தால் வெற்றி. வலிமை 13 என்றால் 65 விழுக்காடு. 40 விழுக்காட்டு வாளடியைவிடச் சிறந்த வாய்ப்பு. மேசை கவிழ்ந்தால் என்ன ஆகும் என்பதை உருட்டும் முன்பே இருவரும் ஒத்துக்கொள்ளுங்கள். மற்றபடி தாராளமாக இருங்கள். பாய்ந்து வரும் எதிரிக்கு எதிரே ஈட்டியை ஊன்றி நின்றால் இரட்டைச் சேதம் என்பதையும் அவருக்கு நினைவூட்டலாம்.

அறிகுறி: லெவல் ஏறுவதே இல்லை

ஆர்க் ஒன்றைக் கொன்றால் 10 அனுபவப் புள்ளிகள். நால்வர் பகிர்ந்துகொண்டால் ஆளுக்கு 2.5. போர்வீரர் இரண்டாம் லெவலுக்கு 2,000 புள்ளிகள் தேவை. கொலையால் மட்டும் அங்கே போக நான்கு பேர் குழு 800 ஆர்க்குகளைக் கொல்ல வேண்டும். வெளியே கொண்டுவரும் ஒவ்வொரு பொற்காசுக்கும் ஒரு அனுபவப் புள்ளி என்ற விதியை நீக்கியிருந்தீர்களானால் உடனே திரும்பக் கொண்டுவாருங்கள். இதைப் பேராசைக்கான விதி என்று பலர் ஒதுக்குகிறார்கள். சண்டையைத் தவிர்ப்பவருக்கும் முழுப் பலன் தரும் ஒரே விதி இதுவே. காவலரை ஏமாற்றிப் பெட்டியைத் தூக்கி வந்த குழுவும் காவலரைக் கொன்ற குழுவும் ஏறத்தாழ ஒரே அளவு வளரும், முதல் குழுவில் எல்லோரும் உயிரோடிருப்பார்கள். நீங்கள் வைக்கும் செல்வம் போதுமானதாக இருக்கட்டும்: நான்கு போர்வீரர்கள் ஒரு லெவல் ஏற ஏறத்தாழ 8,000 பொற்காசு மதிப்புள்ளவை நிலவறையில் கிடைக்க வேண்டும்.

அறிகுறி: ஒரே சேவிங் த்ரோவில் நல்ல பாத்திரம் போய்விட்டது

முதல் லெவல் போர்வீரர் நச்சிலிருந்து தப்ப 12 வேண்டும். வாய்ப்பு 45 விழுக்காடு. இது கடுமைதான், மாற்றத் தேவையில்லை. ஆனால் அறிவிப்பில்லாமல் வரக் கூடாது. சிலந்தி விழுவதற்கு முன் வலையில் சுற்றிய எலும்புகள் கண்ணில் பட வேண்டும். பெட்டியின் பூட்டில் ஊசி இருந்தால் துளையைச் சுற்றிப் பச்சைக் கறை தெரிய வேண்டும். ஆட்டக்காரர் கேட்காமலே அந்தக் கறையைச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னதைக் கேட்டபின்னும் கையுறை இல்லாமலே பூட்டைத் தொட்டால், பகடையை அவர் கையிலேயே கொடுத்து உருட்டச் சொல்லுங்கள்.